காலிக் கோட்டையில் என்ன சாப்பிடுவது, எத்தனை நேரம் ஒதுக்குவது?

வைகைக்கரை:

ஜனவரியில் அம்மா, அப்பாவை அழைத்துக்கொண்டு இலங்கை போகிறேன். கண்டி, நுவரெலியா எல்லாம் முடிவாகிவிட்டது. தெற்கே காலிக் கோட்டைக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறோம்: காலையில் கொழும்பிலிருந்து ரயில், மாலையில் திரும்புவது. தேடிப் பார்த்தால் கலங்கரை விளக்கத்தின் முன் நின்று எடுத்த படங்களும் காபிக் கடைகளின் பெயர்களும்தான் கிடைக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று யாரும் எழுதக் காணோம்.

எனக்கு மீன் என்றால் உயிர். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு வரலாறு வேண்டும். ஆனால் முழங்கால் வலி, வெயிலில் நெடுநேரம் நடக்க இயலாது. போய் வந்தவர்களும் அங்கே இருப்பவர்களும் வழி சொல்லுங்கள்.

கொழும்புவாசி:

ஒரு பகல் தாராளமாகப் போதும். கொழும்பு கோட்டை நிலையத்தில் காலை ரயிலைப் பிடியுங்கள். போகும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் வழி நெடுகக் கடல். காலி நிலையத்தில் இறங்கினால் கோட்டை மதில் கண்ணுக்கு எதிரேயே தெரியும். அவசரம் என்றால் தெற்கு அதிவேகப் பாதையில் பஸ் இன்னும் சீக்கிரம் சேர்த்துவிடும், ஆனால் கடல் தெரியாது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன். கோட்டைக்குள் சாப்பிடாதீர்கள். விலை வெளிநாட்டவரை நினைத்து வைத்தது, காரமும் அவர்கள் நாக்கைப் பார்த்துக் குறைத்தது. உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கும் சோற்றுக் கடைகளில் சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, மீன் என்று தட்டு நிறையக் கிடைக்கும்.

மதிலோரம்:

கொழும்புவாசி சொல்வதில் பாதி சரி. மீதியை நான் ஏற்கவில்லை. வேலை நிமித்தம் காலியில் வருடக்கணக்கில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒரு பகலை மாற்றுங்கள். கோட்டைக்குள் ஓர் இரவு தங்குங்கள். பத்து மணிக்கு வந்து நான்கு மணிக்குத் திரும்புகிறவர்கள் பார்ப்பது கடை வீதியை மட்டுமே. அந்த நேரத்தில் வெயில் கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும்; மதில் மேல் நிழலே இல்லை. உங்கள் அப்பாவுக்கு அது ஆகாது. மாலை ஐந்துக்கு மேல்தான் ஊர் வெளியே வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், குடும்பம் குடும்பமாக மதிலில் வந்து உட்காருவார்கள், மாங்காயும் அன்னாசியும் மிளகாய்த்தூள் தூவி விற்பார்கள். இன்னும் மனிதர்கள் குடியிருக்கிற கோட்டை அது. உள்ளே நீதிமன்றங்கள் நடக்கின்றன, தபால் நிலையம், பள்ளிகள், பள்ளிவாசல், விகாரை, தேவாலயங்கள் எல்லாம் இருக்கின்றன. அதனால்தான் உள்ளே சாப்பிட ஒன்றுமில்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வக்கீல் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் மதியம் எங்கேயோ சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? நீதிமன்றச் சதுக்கத்தை ஒட்டிய பக்கவீதிகளில் பன்னிரண்டரைக்கு மேல் நின்று பாருங்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் எந்த வாசலுக்குள் நுழைகின்றனவோ அங்கே நீங்களும் நுழையுங்கள். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலமும் கிடைக்கும். இரண்டு மணிக்குப் போனால் மீன் தீர்ந்திருக்கும்.

அடுத்தது வீடுகள். கோட்டைக்குள் இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழ். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி, ஆனால் பலர் இதை அறியாமலேயே ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டுத் திரும்புகிறார்கள். அறை வாடகைக்கு விடும் வீடு ஒன்றில் தங்கி, இரவுச் சாப்பாடு வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். சந்தையில் அன்று என்ன நல்லதாகக் கிடைத்ததோ அது இரவில் தட்டில் இருக்கும். இடியப்பம், சொதி, மீன் குழம்பு, துவையல் போன்ற சம்பல். இதை எந்த உணவகத்திலும் வாங்க முடியாது.

மீன் பிரியருக்கு ஒரு வார்த்தை: அம்புல் தியல் சாப்பிடாமல் தெற்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.

நாஞ்சில் அடுப்பு:

அம்புல் தியலைப் பற்றி நானும் கொஞ்சம் எழுதலாமா? நாகர்கோவில்காரிக்கு அது மிக நெருங்கிய சொந்தம். அதில் போடும் கொறக்கா நாம் மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியேதான். ஆனால் நாம் அதைத் தேங்காய் அரைப்போடு குழம்பாக்குகிறோம், அவர்கள் குழம்பே இல்லாமல் வற்ற வைக்கிறார்கள்.

சூரை அல்லது கேரை, தசை கெட்டியான மீனாக இருக்க வேண்டும். பெரிய சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள். ஊறவைத்த கொறக்காவை அம்மியில் மிளகு, உப்புடன் விழுதாக அரைத்து, ஒவ்வொரு துண்டின் மீதும் கனமாகப் பூசுவார்கள். மண்சட்டியின் அடியில் வாழையிலை. அதன் மேல் துண்டுகளை ஒரே அடுக்காக நெருக்கி, கறிவேப்பிலை, ரம்பை இலை, ஒரு துண்டு கறுவாப்பட்டை. கொஞ்சம்போலத் தண்ணீர் தெளித்து மிகச் சிறிய தீயில் வைத்துவிட்டால், மீன் விடும் நீரிலேயே வெந்து, அந்த நீரும் சுண்டி, வெளியே கறுப்பாக ஒரு பூச்சு நிற்கும். கிளறக் கூடாது, சட்டியைத்தான் குலுக்க வேண்டும்.

புளிப்பும் உப்பும் சேர்ந்து, ஈரமும் போய்விடுவதால் சில நாட்கள் குளிர்பெட்டி இல்லாமலே கெடாமல் இருக்கும். ஒரு நாள் வெயிலும் மறுநாள் மழையுமான கடற்கரையில், வலை நிறையச் சூரை விழும் நாளில், அதை வீணாக்காமல் காக்கக் கண்டுபிடித்த சமையல் அது. உப்புக் கருவாட்டைவிட மென்மையாகவும் ஊறுகாயைவிடச் சோற்றுக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. முதல் நாளைவிட மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சூடான சோற்றில் ஒரு துண்டை உதிர்த்துப் போட்டு, பக்கத்தில் பருப்புக் கறி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்கிறவர்கள் மிளகாய்த்தூளைச் சேர்க்காதீர்கள். மிளகு ஒன்றுதான் அதன் காரம். போர்ச்சுக்கீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன்னாலும் இந்தக் கரையில் மிளகு இருந்தது.

வைகைக்கரை:

அக்கா, படிக்கும்போதே பசிக்கிறது. ஆனால் அம்மாவுக்கு?

மதிலோரம்:

அம்மாவுக்கு உணவு நிறையவே உண்டு, எச்சரிக்கையும் நிறையவே தேவை. இதைக் கவனமாகப் படியுங்கள்.

தெற்கில் மாசிக் கருவாட்டை மசாலாப் பொருளைப் போலப் பயன்படுத்துவார்கள். தூத்துக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு மாசி தெரியும். இங்கே அதை இடித்துத் தேங்காய்ச் சம்பலில் போடுவார்கள், கட்டைச் சம்பலில் போடுவார்கள், சீனிச் சம்பலில் போடுவார்கள். சில வீடுகளில் இடியப்பத்துக்கு ஊற்றும் சொதியிலும், காய்கறிச் சுண்டலிலும்கூட இருக்கும். கடைக்காரர் “மரக்கறிதான்” என்று மனதறிந்து உண்மையாகவே சொல்வார். அவருக்கு மாசி மீனாகவே தோன்றாது. ஆகவே “சைவமா?” என்று கேட்டு நிறுத்தாதீர்கள். “மாசி போட்டிருக்கிறதா?” என்று கேளுங்கள். சிங்களத்தில் “உம்பலகட தான்ன எபா” என்றால் மாசி போட வேண்டாம் என்று பொருள். இந்த மூன்று சொற்களும் அம்மாவைக் காப்பாற்றும்.

அவருக்குக் கட்டாயம் வாங்கித் தர வேண்டியது பொலஸ். இளம் பலாக்காயை மசாலாவும் தேங்காய்ப்பாலும் விட்டு மெல்லிய தீயில் மணிக்கணக்காக வேகவைப்பது. நன்றாகச் செய்த பொலஸ் கறுத்துச் சிவந்து, நாரோடு பிய்ந்து வரும். வல்லாரைச் சம்பல், பருப்புக் கறி, வாழைப்பூ வறை, கீரை மல்லும் (கீரையை நறுக்கித் தேங்காயோடு வதக்கியது) எல்லாம் சோற்றோடு வரும், மாசியை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். காலையில் பாற்சோறு: பச்சரிசியைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்துத் தட்டில் பரப்பி வெட்டித் தருவார்கள். அதற்கு வழக்கமாக வைக்கும் கட்டைச் சம்பலை விட்டுவிட்டு வெல்லத்தோடு சாப்பிடச் சொல்லுங்கள். வெறும் அப்பம், தேங்காய் ரொட்டி இரண்டும் அவருக்குப் பிரச்சினை தராது.

பிறகு எருமைத் தயிரும் கித்துள் பாணியும். மண்சட்டியில் உறைந்த தயிர், கரண்டி வைத்தால் வெட்டுப்பட்டு நிற்கும் கெட்டி. கித்துள் நம் கூந்தற்பனை. அதன் பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சினால் இந்தப் பாணி வரும். லேசான புகைவாசம் இருந்தால் நல்ல பாணி. வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். காலிக்குக் கிழக்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் போனால் சாலையோரம் சட்டி சட்டியாக அடுக்கி விற்பார்கள். அந்தப் பக்கம் உங்களுக்குப் பயணம் இல்லையென்றால் காலியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

காயல் பேத்தி:

வட்டலப்பத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் வெல்லம், ஏலம், கொஞ்சம் சாதிக்காய். எல்லாம் அடித்து ஆவியில் வேகவைப்பது. மேலே முந்திரி. எங்கள் காயல்பட்டினத்திலும் பெருநாளைக்கு வட்டலப்பம் உண்டு, அதனால் கோட்டைக்குள் ஒரு வீட்டில் அதைத் தட்டில் வைத்தபோது உறவுக்காரர் வீட்டுக்குப் போனது போலவே இருந்தது. பேச்சும் அப்படியேதான் ஓடியது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, கப்பலில் வியாபாரம் போனவர்கள் உங்கள் குடும்பத்தில் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு கரையிலும் மாணிக்கக் கல் வியாபாரம் தெரிந்த குடும்பங்கள் இருப்பதால் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

முட்டை இருப்பதால் உங்கள் அம்மாவுக்கு ஆகாது. நீங்களும் அப்பாவும் சாப்பிடுங்கள்.

கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் மீரான் பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்தால் முதலில் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். இரு பக்கமும் கோபுரம் எழுப்பிய வெள்ளை முகப்பு. உற்றுப் பார்த்தால்தான் பிறையும் அரபு எழுத்தும் தெரியும். தொழுகை நேரம் தவிர்த்து, தலையை மூடி, அங்கே இருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

கொழும்புவாசி:

மதிலோரம் அண்ணா, இரவு தங்குவதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுச் சாப்பாட்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருக்கும் உணவகங்கள் “இலங்கையின் பாரம்பரியச் சுவை” என்று பலகை வைத்துவிட்டுத் தேங்காய்ச் சம்பலை ஒரு தேக்கரண்டி அளவு கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? எங்கள் சாப்பாட்டில் சம்பல் அலங்காரம் அல்ல. அள்ளி வைக்க வேண்டிய பொருள்.

இன்னொன்று. பயணக் கையேடுகள் காலியில் லம்ப்ரைஸ் சாப்பிடச் சொல்கின்றன. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய கோட்டை, ஒல்லாந்தர் வழி வந்த சாப்பாடு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நல்ல லம்ப்ரைஸ் வேண்டுமென்றால் கொழும்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீடுகளில் செய்து விற்கிறார்கள், அங்கே வாங்குங்கள்.

மதிலோரம்:

அதில் உங்களோடு முழுக்க நிற்கிறேன். லம்ப்ரைஸ் அவசரமாகச் செய்யக் கூடிய பண்டம் இல்லை. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, பல இறைச்சிகள் கலந்த கறி, பிரிக்கடெல் என்ற சிறிய இறைச்சி உருண்டைகள், கத்தரிக்காய்ப் பாகி, இறால் பொடியில் செய்யும் பிளாச்சான், சீனிச் சம்பல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, வாட்டிய வாழையிலையில் கட்டி, மறுபடி அடுப்பில் சுட வேண்டும். ஜாவாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் விட்ட ஒல்லாந்தக் கம்பெனியின் பாதை முழுவதும் அந்த ஒரு பொட்டலத்துக்குள் இருக்கிறது. ஆனால் அதைச் சமைத்த பறங்கியர் குடும்பங்களில் பெரும்பாலானவை 1950களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டன. காலியில் அவர்களுடைய தேவாலயம் இருக்கிறது, வீதிப் பெயர்கள் இருக்கின்றன, சமையலறைகள் இல்லை. மேல் பூச்சுக்கு முட்டையும் கோழிக்காலும் வைத்து லம்ப்ரைஸ் என்று விற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்று அந்த ஊரில் வாழ்கிறவர்களின் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒல்லாந்தர் போய்விட்டார்கள். அம்புல் தியலும் இடியப்பமும் வட்டலப்பமும் போகவில்லை.

அப்பாவுக்கான வரலாற்றுக்கு வருகிறேன். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் சிறிதாகக் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டு, கடல் சூழ்ந்த அந்த முனை முழுவதையும் மதிலால் வளைத்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இத்தனையும் எதற்காக? பெரும்பங்கு கறுவாவுக்காக. தென்மேற்குக் கரையின் கறுவாப்பட்டை ஐரோப்பாவில் பொன் விலைக்குப் போன காலம் அது. உங்கள் தட்டில் இருக்கும் கறியிலும் ஒரு துண்டு கறுவா கிடக்கும். சீனப் பட்டையைப் போல் தடியாக இராது, தாளைச் சுருட்டியதுபோல் மெல்லிய பல அடுக்குகளாக இருக்கும்.

ஊர் இப்படியே நின்றுபோனதற்குக் காரணம் அதன் துறைமுகம் தோற்றதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கிழக்கே போகும் நீராவிக் கப்பல்கள் காலியில் நின்று நிலக்கரி ஏற்றின. காலித் துறையில் பாறைகள் அதிகம், கப்பல்கள் அடிபட்டன. 1870, 80களில் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பியதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. பணம் வந்திருந்தால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கும்போது இடிக்கப்படாத நகரம் ஒன்று அங்கே இருந்தது.

அப்பா மதில் முழுவதையும் சுற்ற வேண்டாம். பகல் வெயிலில் பழைய வாசலைப் பார்க்கட்டும். அதன் வெளிப்பக்கத்தில் ஆங்கிலேயர் சின்னம். உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பெனியின் எழுத்துகள், இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், கீழே 1669. இப்போது வாகனங்கள் போகும் பெரிய வாசலை ஆங்கிலேயர் 1873இல் மதிலை உடைத்துத் திறந்தார்கள். பழைய வாசலை ஒட்டிய பண்டகசாலையில்தான் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம். காலித் துறையில் 1659இல் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. உள்ளே நிழலும் உண்டு, உட்காரவும் முடியும். பிறகு 1755ஆம் ஆண்டு ஒல்லாந்தத் தேவாலயம்: தூணே இல்லாத கூடம், தரையெல்லாம் எழுத்தும் சின்னமும் செதுக்கிய கல்லறைப் பலகைகள். மாலையில் ஆட்டோவில் மதிலின் தென்முனையில் இருக்கும் கொடிப்பாறை வரை போய், அங்கிருந்து மதில் மேல் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டுப் பித்தன்:

தமிழர் ஒருவர் காலிக்குப் போகும்போது மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால் எனக்கு உறக்கம் வராது.

சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனாவிலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுவந்த கல் அது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற திருமாலுக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு. மூன்று தெய்வ மரபுக்கும் பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒரே அளவு. போர்ச்சுக்கீசியர் வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பு, இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வேண்டுமென்றால் தமிழிலும் பேச வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்?

தெனவரை என்பது மாத்தறைக்கு அப்பால் இருக்கும் இன்றைய தெவிநுவர. அங்கிருந்த பெருங்கோயிலைப் போர்ச்சுக்கீசியர் 1588இல் அழித்தார்கள். கல் 1911இல் காலியில் கிடைத்தது, ஒரு மதகின் மேல் குப்புறக் கவிழ்த்து மூடுகல்லாகப் போட்டிருந்தார்கள். எழுத்து கீழ்நோக்கி இருந்ததால் தேய்வு ஓரளவு குறைந்தது என்று நினைத்து ஆறுதல் கொள்கிறேன்.

அசலைக் காலியில் தேடாதீர்கள். அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் ஒரு காலைப் பொழுது இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்குங்கள், அப்பாவுக்குக் காலித் துறை வேறு விதமாகத் தெரியும்.

வைகைக்கரை:

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கொழும்பில் அரை நாள் கூட்டச் சொல்லிவிட்டார். காலியில் ஓர் இரவும் முடிவு செய்துவிட்டோம்.

மூலை மட்டையாளர்:

சாப்பாட்டு இழையில் கிரிக்கெட் பேசுவதை மன்னியுங்கள், ஆனால் மதில் மேல் நிற்பவருக்குக் கீழே தெரிவது காலி மைதானம். 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது அங்கேதான், இந்தியாவுக்கு எதிராக. ஓஜா அவுட், ஜயவர்தன பிடித்தது. அன்று மதிலே பார்வையாளர் மாடமாக இருந்தது. இன்றும் டெஸ்ட் நடந்தால் டிக்கெட் இல்லாதவர்கள் மதிலில் ஏறிப் பார்ப்பார்கள்.

2004 சுனாமியில் அதே மைதானமும் பஸ் நிலையமும் சிதைந்துபோயின. கனத்த மதிலுக்குள் இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. மைதானத்தைத் திருத்தி 2007 டிசம்பரில் மறுபடி டெஸ்ட் நடத்தினார்கள். நீங்கள் ரயிலில் போகும் பாதையில் இக்கடுவைக்கு அருகே பெரலிய வரும். அன்று அலை ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அங்கே நினைவாக எழுப்பிய புத்தர் சிலை இருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அந்த இடத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாஞ்சில் அடுப்பு:

நன்றி, இதை எழுதியதற்கு. என் மாமா கடலுக்குப் போகிறவர். குளச்சலில் அன்று நாங்கள் பட்டதும் அதுவேதான்.

காயல் பேத்தி:

தெற்கு ரயிலில் வடை விற்பவர்கள் ஏறுவார்கள். பருப்பு வடையின் மேல் முழு இறாலை அப்படியே அழுத்திப் பொரித்திருப்பார்கள், காகிதத்தில் சுற்றி வெங்காயமும் மிளகாயும் தூவித் தருவார்கள். அம்மாவுக்கு இறால் இல்லாத வடையும் இருக்கும், ஆனால் ஒரே எண்ணெய் என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது பெரிய விஷயம்.

கொழும்புவாசி:

அம்மாவுக்கு இன்னொரு வழி. காலி நகரத்தின் பெரிய வீதியில், கோட்டைக்கு வெளியே, தூண்கள் தாங்கிய பழைய ஒல்லாந்தச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. காய்கறியும் பழமும் இன்றும் விற்கிறார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான் ஜனவரியில் எதிர்பார்க்க வேண்டாம், பப்பாளி, அன்னாசி, பலவகை வாழை எப்போதும் உண்டு. செவ்விளநீர் அங்கேயே வெட்டித் தருவார்கள். எந்தச் சந்தேகமும் இல்லாமல் அவர் சாப்பிடக் கூடிய உணவு.

மீன் பார்க்க விரும்பினால் காலையில் மாத்தறை வீதியோரக் கடற்கரையில் மீன் பலகைகள் போட்டிருப்பார்கள். வாங்கித் தங்கும் வீட்டில் கொடுத்தால் சமைத்துத் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தருவார்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். நாங்கள் காலிக்கு வருவது வெள்ளிக்கிழமை. அதனால் ஏதாவது தடை உண்டா?

மதிலோரம்:

உண்டு, கேட்டது நல்லது. வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகைக்குக் கோட்டைக்குள் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள் பூட்டியிருக்கும், இரண்டு மணிவாக்கில்தான் திறக்கும். அன்று மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முன்பே முடியுங்கள், அல்லது கொழும்புவாசி சொன்ன வெளிக்கடைகளுக்குப் போங்கள். நாட்காட்டியில் போயா நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று அரசு விடுமுறை, இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும், ரயிலில் நிற்க இடம் இராது. போயா உங்கள் பயணத்துக்கு முன்பின் விழுந்தால் முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்புல் தியல் வேண்டுமென்றால் அதை முதல் நாளே தொலைபேசியில் சொல்லுங்கள். அன்று காலை சொன்னால் செய்து தருவார்கள், ஆனால் ஒரு நாள் ஊறியதுதான் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.